லீவு தேதி

கள்ளக்குறிச்சி
3 ஜூன் 2024

எழில் அப்பாவுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இனிமேல் போன் செய்ய வேண்டாம். உங்கள் நம்பரை பிளாக் செய்தால் கூட இருக்கிறவர்களின் நம்பரிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் கத்துவதும் நான் கத்துவதும்தான் மிச்சம். போன் மணி அடித்தாலே எழில் எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இது தேவையா? எதுவானாலும் கடிதத்தில் எழுதுங்கள். கடிதம் கத்தாது.

விவாகரத்தும் வேண்டும், பிள்ளையும் என்னிடம் இருக்க வேண்டும் என்று இங்கே கோர்ட்டில் மனு போட்டுவிட்டேன். நோட்டீஸ் உங்கள் ராணுவ முகாமுக்கு வரும். வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற தையல் கடையில்தான் இன்னும் வேலை. பள்ளி திறக்கிற மாதம் என்பதால் யூனிபார்மாகத் தைத்துத் தள்ளுகிறோம். மிஷின் ஓடும்போது வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தோளில் பச்சைப் பை மாட்டிக்கொண்டு யார் போனாலும் ஊசி தப்பிவிடுகிறது. "அடுத்த லீவுக்கு வந்தா புள்ளைய மலைக்கு எங்க வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுவேன், நீ மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது" என்று மார்ச் மாதம் போனில் சொன்னீர்களே, அந்தப் பேச்சு என் காதைவிட்டுப் போகவே இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அடுத்த லீவு எந்தத் தேதி?

இசைவாணி


முகாம்
24 ஜூன் 2024

இசை,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே நோட்டீஸ் வந்துவிட்டது. அது என் கைக்கு வரவில்லை, நேரே சி.ஓ. சாப் மேஜைக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவ்வளவு பெரிய அதிகாரி என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு காலையும் சேர்த்து நின்று, சௌக்கியம் சாப் என்றேன். வேறு என்ன சொல்ல?

லீவு தேதியா கேட்கிறாய்? மார்ச்சில் ஒரு மாதம் முன்னாலேயே தேதி சொன்னேன். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி உன் வீட்டுக்கு வந்தால் பூட்டு தொங்குகிறது. நைனார்பாளையத்துக்குப் போனால் உன் அப்பா கதவைப் பாதி திறந்து "இங்க வரலீங்க மாப்ள" என்கிறார். ஆத்தூரில் உன் அக்கா வீட்டில் இருக்கிறாய் என்று தெரிய பதினெட்டு நாள் ஆனது. அங்கே போனால் அன்று காலையில்தான் கிளம்பிப் போனாயாம். இருபது நாள் லீவு, பிள்ளையின் குரலைக்கூடக் கேட்கவில்லை. எழிலுக்கு வாங்கி வந்த உல்லன் குல்லாய் என்னோடேயே திரும்பி வந்து பெட்டிக்குள் கிடக்கிறது.

சொன்னால் ஓடுகிறாய், சொல்லாவிட்டால் பயப்படுகிறாய். பயந்தே இரு. சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. உன்னை ஒரு நாள் கைநீட்டி அடித்திருப்பேனா? குடித்துவிட்டுத் தெருவில் விழுந்திருப்பேனா? நோட்டீஸில் "மனம் ஒத்துப்போகவில்லை" என்று ஒரே வரி. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஒத்துப்போன மனம் இப்போது எங்கே போனது? காரணத்தை எழுது.

வீரமணி


கள்ளக்குறிச்சி
12 ஜூலை 2024

எழில் அப்பாவுக்கு,

பயந்தே இரு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்குகிற வெள்ளிமலை பஸ் வந்து நின்றால் அதிலிருந்து இறங்குகிற கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் போகிறேன். போன வாரம் ஒட்ட வெட்டிய முடியும் நேரான முதுகுமாக ஒருவர் எதிரே பள்ளிக்கூடத் தெருவில் நின்றிருந்தார். மடியில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவர் மின்சார ஆபீசுக்குப் புதிதாக வந்த ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கடையில் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, செருப்பைத் தேடப் போனேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் போட்டோ ஒன்றைப் பள்ளி வாட்ச்மேன் கண்ணாயிரத்திடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஆள் வந்தால் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று டீச்சரிடமும் எழுதிக் கொடுத்தாயிற்று. கண்ணாயிரம் அந்தப் போட்டோவைத் தன் ரூம் சுவரில் ஒட்டி வைத்ததை எழில் பார்த்துவிட்டாள். "வாட்ச்மேன் ரூம்ல அப்பா போட்டோ ஏம்மா கீது? அப்பா திருடனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தோசை ஊற்றப் போய்விட்டேன்.

காரணம் கேட்கிறீர்கள். போன டிசம்பரில் மலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமலேதான் கேட்கிறீர்கள் என்றால், அது எனக்கு இன்னும் பெரிய பயம்.

தேதியை எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இசைவாணி


முகாம்
6 ஆகஸ்ட் 2024

இசை,

திருடன் போட்டோவை ஒட்டுகிற இடத்தில் என் போட்டோ. அதுவும் யூனிபார்ம் போட்டோவாகத்தான் கொடுத்திருப்பாய். நன்றாக இரு.

இங்கே எனக்கு முன்னால் பனி, பின்னால் பனி. ஆறு பேர் ஒரு கூடாரம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன்கூட என்னைப் பார்த்து இப்படிப் பயப்படுவானா என்று தெரியவில்லை. கட்டிய பெண்டாட்டி பயப்படுகிறாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போர்முனையில் இருக்கிற சிப்பாய் மேல் கேஸ் இருந்தால், அவன் வர முடியாது, ஒத்திப் போடுங்கள் என்று அதிகாரி கோர்ட்டுக்கு எழுதித் தரலாம். எனக்கும் எழுதித் தந்துவிட்டார்கள். உன் வக்கீலிடம் கேட்டுப் பார். நான் கீழே இறங்குகிறவரைக்கும் உன் மனு அப்படியே கிடக்கும். அதற்குள் என் பிள்ளை மலையில் இருப்பாள். தம்பி தனசேகரன் அங்கே ஹாஸ்டல் பள்ளியில் இடம் கேட்டு வைத்திருக்கிறான். அம்மா அவளுக்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாள். ஊரிலும் பேசிவிட்டார்கள். தகப்பன் வீட்டில்தான் பிள்ளை வளர வேண்டும் என்கிறார்கள்.

டிசம்பரில் என்ன நடந்தது? நானும் எழிலும் ஓடைக்குள் இறங்கி ஒளிந்து விளையாடினோம். நீங்கள் எல்லோரும் தேடினீர்கள். பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை, அவ்வளவு சமர்த்து. இங்கே தூக்கம் வராதபோது அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து விளையாடவே இல்லை.

தேதி கேட்காதே. வருவேன்.

வீரமணி


கள்ளக்குறிச்சி
9 செப்டம்பர் 2024

எழில் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். வக்கீல் அமிர்தம் அக்கா, "அத்த மனுவுல எழுதும்மா, ஒரே வாய்தாவுல முடிச்சுடலாம்" என்று எத்தனையோ தடவை சொல்லியும் நான் எழுதாததை இதில் எழுதுகிறேன். படிக்கும்போது கோபப்படாதீர்கள். கோபம் வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

அது விளையாட்டு இல்லை.

டிசம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. மரவள்ளிக் கொல்லையில் பன்றி இறங்கியிருக்கிறது என்று தனசேகரன் வெடி போட்டார். மலையில் எல்லாக் கொல்லையிலும் போடுகிற வெடிதான். நீங்களும் சின்ன வயசிலிருந்து போட்ட வெடிதான். முதல் வெடிக்கு நீங்கள் குனிந்தீர்கள். இரண்டாவது வெடிக்கு எழிலை வாரி எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். விளையாடுகிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன், சிரித்தேன்கூட.

இருட்டிய பிறகு தனசேகரன் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தார். ஓடையில் பாறைக்கு அடியில் ஈரத்தில் படுத்திருந்தீர்கள். பிள்ளை உங்களுக்கு அடியில் இருந்தாள். உங்கள் கை அவள் வாய்மேல் இருந்தது. எழிலு எழிலு என்று நாங்கள் அந்தப் பக்கமாகவே இரண்டு தடவை கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறோம். அவளால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? டார்ச் வெளிச்சம் பட்டதும் நீங்கள் எங்களைப் பார்த்து இந்தியில் என்னவோ சொன்னீர்கள். கையை எடுக்கவில்லை. தனசேகரனும் நானும் சேர்ந்துதான் விரல் விரலாக எடுத்தோம். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டு, "ஒளிஞ்சு வெள்ளாண்டோம், இல்ல எழிலு?" என்று சிரித்தீர்கள். அவள் தலையாட்டினாள். இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் என் காதில், "மூச்சு விடாத, வராங்கன்னு அப்பா சொன்னாரும்மா. யாரும்மா வராங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

உங்கள் மேல் வெறுப்பு இல்லை. அந்தக் கையில் இருந்தது பாசம்தான் என்று எனக்குத் தெரியும். பாசத்தில் பொத்தினாலும் மூச்சு நின்றுதானே போகும்? அந்த மலைக்கே பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்கிறீர்கள். அங்கே தினமும் எவனாவது ஒருவன் வெடி போடுவான்.

இதை மனுவில் எழுதினால் உங்களை டாக்டரிடம் அனுப்புவார்கள், துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள், கூட இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால்தான் ஒத்துப்போகவில்லை என்று பொய் எழுதினேன். முட்டாள்தனம்தான்.

இதைப் படித்துவிட்டு லீவுக்கு வாருங்கள். படிக்காமல் வந்துவிடாதீர்கள்.

இசைவாணி


சின்னசேலம் ரயில் நிலையம்
20 செப்டம்பர் 2024, வெள்ளிக்கிழமை

இசை,

இதை வாட்ச்மேன் கண்ணாயிரத்தின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு வந்து, ரயிலில் ஏறுகிறேனா என்று பார்க்கச் சொல்லி அவர்தான் அனுப்பினார். நல்ல மனிதர். அவரைத் திட்டாதே.

முப்பது நாள் லீவு. பன்னிரண்டாம் தேதி அங்கிருந்து கிளம்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. இன்று மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். தனசேகரன் தெருமுனையில் பைக்கோடு இருந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்தேன். அதில் பொய் இல்லை.

கண்ணாயிரம் தன் ரூம் வாசலுக்கு வந்து, உள்ளே சுவரில் இருந்த என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நீங்க இன்னா இங்க நின்னுக்கினு கீறீங்க? போய்டுங்க சார், எனக்கு வேல போய்டும்" என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். பெல் அடித்தது. எழில் வந்தாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! "எழிலு" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஓடிப் போவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மூக்கையும் சேர்த்து. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால்தான் கையை எடுப்பாள் போல இருந்தது. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்போதும் எடுக்கவில்லை. மூச்சு விடும்மா, மூச்சு விடு என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் இறுக்கினாள். கண்ணாயிரம்தான் என்னைத் தாண்டி ஓடிப் போய் அவள் கையை எடுத்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். கேட்டை மூடச் சொன்னது நான்தான்.

அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான்தானா? எனக்குத் தெரிந்தது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. ஓடையில் தண்ணீர் சில்லென்று இருந்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் யோசித்தால் வேறு ஒரு இடம் வருகிறது. அங்கே எழில் இல்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் இசை? பதில் எழுது. எதுவானாலும் எழுது. மிச்ச லீவு வேண்டாம், முகாமுக்கே திரும்புகிறேன். வண்டி வருகிறது.

குல்லாயைக் கண்ணாயிரத்திடம் கொடுத்திருக்கிறேன்.

வீரமணி


கள்ளக்குறிச்சி
23 செப்டம்பர் 2024

எழில் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டேன். அது அங்கே போகும் வழியில் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். போனதும் அதைப் படியுங்கள். தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம். யாராவது பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே ஆத்தூருக்குப் பையைக் கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எழிலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். கண்ணாயிரத்தின் மகன் தேடிக்கொண்டு வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்து, "சார் ஏறிட்டாருக்கா, நான் பாத்துட்டுதான் வந்தேன்" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. இன்னும் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிறேன்.

எழில் நன்றாக இருக்கிறாள். உடம்பு ஒன்றும் இல்லை.

இசைவாணி


படை மருத்துவமனை
21 அக்டோபர் 2024

இசை,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. அடிபடவில்லை. நானாகத்தான் வந்து சேர்ந்தேன்.

உன் கடிதம் என் பெட்டிமேல் காத்திருந்தது. நீ சொன்னபடி பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டுதான் படித்தேன். கூடாரத்தில் மதுரைப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனை உட்காரச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, டீ போட்டுக் கொடுத்தான். விரல் விரலாக எடுத்தோம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. மறுநாள் மிச்சத்தைப் படித்தேன்.

எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவும்போது என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அன்று இன்னும் கொஞ்ச நேரம் உங்கள் டார்ச் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தினம் நூறு தடவை இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

சி.ஓ. சாப்பிடம் நானே போய்ச் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, அது நமக்குள் இருக்கட்டும். எனக்குச் சத்தம் கேட்டால் வேறு இடம் வருகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ பயந்தபடிதான். கூட இருக்கிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். ஆனால் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, எனக்கும் அப்படித்தான் அண்ணே, எந்த டாக்டர் என்று காதோடு கேட்டார்கள்.

கேஸை ஒத்திப் போடச் சொன்ன சான்றிதழைத் திருப்பி வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளை உன்னிடம் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்ட தாளை உன் வக்கீலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். விவாகரத்துக்கும் சம்மதம். தனசேகரனிடமும் சொல்லிவிட்டேன், எழிலைத் தேடி அவன் கீழே வர மாட்டான். அம்மா அழுதாள். எழிலுக்கென்று வாங்கிய அந்தப் பெட்டியில் ராகி கொட்டி வைக்கச் சொன்னேன்.

ஒரு உதவி செய். எழிலுக்குக் கத்தச் சொல்லிக் கொடு. சும்மா வீட்டில் இருக்கும்போது, விளையாட்டாகவே பழக்கு. யார் வாயைப் பொத்தினாலும் கடிக்க வேண்டும், அது அப்பாவின் கையாக இருந்தாலும் கடிக்க வேண்டும் என்று சொல். அப்பாதான் சொல்லச் சொன்னார் என்றும் சொல்.

எனக்குப் பத்து நாள் லீவு தருகிறார்கள். டாக்டர் சம்மதித்துவிட்டார். ஜனவரி ஒன்பதாம் தேதி இங்கிருந்து கிளம்புவேன். பதினோராம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு உன் வக்கீல் ஆபீசுக்கு வருவேன். நீயும் வக்கீலும் கூட இருங்கள், கதவு திறந்திருக்கட்டும். பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுவேன். எழில் வர மாட்டேன் என்றால் இழுத்து வராதே. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். முன்னே பின்னே எந்த நாளிலும் வர மாட்டேன்.

கண்ணாயிரம் ரூமில் இருக்கிற போட்டோவை எடுக்கச் சொல்லாதே. அங்கேயே இருக்கட்டும்.

வீரமணி


கள்ளக்குறிச்சி
11 நவம்பர் 2024

எழில் அப்பாவுக்கு,

தாளை அமிர்தம் அக்கா வாங்கிக்கொண்டார். நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? மாத்திரை கொடுத்திருந்தால் நிறுத்திவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கத்திப் பழகினோம். முதலில் நான் கத்தினேன். எழில் என்னைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தாள். அப்பாதான் கத்தச் சொன்னார் என்றதும், "நெஜமாவா? கோவிச்சுக்க மாட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பக்கத்து வீட்டு அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அவர் நின்ற கோலத்தைப் பார்த்துப் பிள்ளை சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. என் கையையும் கடித்துக் காட்டினாள். பல் தடம் இன்னும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி வெயிலில் அந்த உல்லன் குல்லாயைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

போட்டோ அங்கேயே இருக்கிறது.

ஜனவரி பதினொன்று என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். எழிலிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஊரில்தான் இருப்பேன். எங்கேயும் போக மாட்டேன்.

இசைவாணி